பிளான்டட் மீன்தொட்டியில் பாசியை அடக்குவது: வடசென்னைப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வியாசர்பாடியில் இரண்டாம் மாடி வீட்டின் கூடத்தில் செடி வளர்க்கும் இரண்டடி மீன்தொட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, எட்டு மாதம் பாசியோடு மல்லுக்கட்டிய பிறகு இதை எழுதுகிறேன். பாசிக்கொல்லி மருந்துக்கு 700 ரூபாய், அந்த மருந்தில் செத்த இறால்களுக்கு 480, பாசி படிந்து தூக்கியெறிந்த செடிகளுக்கு 900, எனக்குத் தேவையே இல்லாத யுவி ஃபில்டருக்கு 1,400 என்று அந்த எட்டு மாதத்துக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. உருப்படியாக வேலை செய்தது 450 ரூபாய் டைமரும், மூன்று வாரம் எதையும் தொடாமல் பொறுத்திருந்ததும்தான்.

பாசிக்கும் செடிக்கும் தீனி ஒன்றே. வெளிச்சம், கரியமில வாயு, நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றை இரண்டும் பங்குபோட்டுக்கொள்கின்றன. செடி பயன்படுத்தக்கூடிய அளவுக்கு மேல் வெளிச்சம் விழும்போது பாசி முந்திக்கொள்கிறது. ஆகவே முதலில் வெளிச்சம், அடுத்து தண்ணீர், அதற்கடுத்து செடி, எல்லாம் முடிந்த பிறகே மருந்து என்ற வரிசையில் போக வேண்டும். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன்.

1. தொட்டியின் உண்மையான கொள்ளளவைக் கணக்கிடுங்கள், ஒரு நோட்டுப் போடுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி 61ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 24×12×12 அங்குலத் தொட்டிக்கு இது ஏறக்குறைய 57 லிட்டர். ஆனால் அடியில் இரண்டு அங்குல மண், மேலே ஓர் அங்குல இடைவெளி, கல், மரக்கட்டை எல்லாவற்றையும் கழித்தால் என் தொட்டியில் இருப்பது 40 லிட்டர் தண்ணீர்தான். கடைக்காரர் 'இரண்டடி டேங்க்தானே' என்று 60 லிட்டருக்குச் சொன்ன மருந்தளவை நான் அப்படியே ஊற்றினேன். ஒன்றரை மடங்கு விழுந்துவிட்டது.

நோட்டில் தேதி, விளக்கு எரிந்த மணி, மாற்றிய தண்ணீர் எத்தனை வாளி, புதிதாக உள்ளே போனது என்ன என்ற நான்கு விவரம் போதும். ஞாயிறுதோறும் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் ஒரு புகைப்படம் எடுத்துவையுங்கள். பாசி குறைகிறதா கூடுகிறதா என்பதில் தினமும் பார்க்கும் கண் ஏமாந்துபோகும். மருந்து, உரம், தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் ஆகியவற்றின் பில்லையும் அட்டைப்பெட்டியையும் எறியாதீர்கள். மருந்தில் தாமிரம் இருக்கிறதா என்பது அந்தப் பெட்டியில்தான் அச்சாகியிருக்கும். டெஸ்ட் கிட்டின் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கும். காலாவதியான கிட் எதையாவது ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், அது கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

2. வந்திருப்பது எந்தப் பாசி என்று பாருங்கள்

எல்லாவற்றையும் 'பாசி' என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்கிறோம்.

தொட்டி வைத்து இரண்டு மாதத்துக்குள் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்பு நிறத்தில் மாவு போலப் படிந்து, விரல் பட்டவுடன் கலைந்து போனால் அது டயட்டம். புதுத் தொட்டிக்கு இது வந்தே தீரும். துடைத்துவிட்டுச் சும்மா இருந்தால் தானே போய்விடும். நான் முதன்முதலில் மருந்து வாங்கியது இதற்குத்தான் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கண்ணாடியிலும் அனுபியாஸ் போன்ற மெதுவாக வளரும் செடிகளின் இலைகளிலும் கடினமான பச்சைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால், வெளிச்சம் அதிகம் அல்லது பாஸ்பேட் குறைவு என்று பொருள். பாஸ்பேட் பாசியை வளர்க்கும் என்று கேள்விப்பட்டு அதை அடியோடு நிறுத்தியவர்களின் தொட்டியில் இது அதிகம் வரும். இலைநுனிகளிலிருந்து பச்சை நூல் போல நீண்டு தொங்குவது நூல்பாசி. அதிக வெளிச்சமும் போதாத செடிகளும் அதற்குக் காரணங்கள். தண்ணீரே பச்சையாகி மீன் கண்ணுக்குத் தெரியாமல் போவது மிதக்கும் நுண்பாசியால். எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் இரண்டு நாளில் திரும்பிவரும்.

மரக்கட்டையிலும் ஃபில்டர் குழாயிலும் இலை ஓரங்களிலும் கறுப்புத் தாடி போலக் குஞ்சம் குஞ்சமாக முளைப்பது கருந்தாடிப் பாசி. கறுப்பாகத் தெரிந்தாலும் அது செம்பாசி இனத்தைச் சேர்ந்தது. பிய்த்தால் எளிதில் வராது. கரியமில வாயு ஒரு நாள் அதிகமும் மறுநாள் குறைவுமாக ஏறி இறங்கும் தொட்டியில் இது குடியேறும்.

கடைசியாக, மண்ணின் மீதும் செடிகளின் மீதும் நீலப்பச்சை நிறத்தில் வழவழப்பான விரிப்புப் போலப் படர்ந்து, கையில் எடுத்தால் சேற்று நாற்றம் அடிப்பது சயனோபாக்டீரியா. பாசி என்று அழைக்கப்பட்டாலும் இது பாக்டீரியா. நீரோட்டம் போகாத மூலைகளில் தொடங்கும். இதற்கு எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்பவர்கள் உண்டு. மருத்துவர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கித் தொட்டியில் கரைத்து, பிறகு அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடும் வேலை வேண்டாம். கீழே சொல்லும் இருட்டடிப்பே பெரும்பாலும் போதும்.

3. விளக்கைக் குறையுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிக்குமேல் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

மீன்தொட்டிக்கென்று விற்கும் விளக்குகளின் விலையைப் பார்த்து மலைத்து, நானும் பலரைப்போல 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட்டை வாங்கித் தண்ணீருக்கு அரையடி மேலே மாட்டினேன். காலையில் வேலைக்குப் போகும்போது போட்டால் இரவு படுக்கப்போகும்போதுதான் அணைப்பேன். பதினான்கு மணி நேரம் எரியும். செடி நன்றாக வளரட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். செடியோ மதியத்துக்குள் இலைகளை மூடிக்கொண்டுவிடும். மீதி நேரம் முழுவதும் பாசிக்கு விருந்து.

நாளைக்கு ஆறு மணி நேரம் மட்டுமே விளக்கு எரிய வேண்டும். வீட்டில் இருக்கும் நேரத்தில் தொட்டியைப் பார்க்க ஆசைப்படுவோம் என்பதால் பிற்பகல் 3 மணி முதல் இரவு 9 மணி வரை என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் கையால் செய்ய முடியும் என்று நம்பாதீர்கள், டைமர் வாங்குங்கள். ரிச்சி தெருவிலும் பெரும்பாலான எலக்ட்ரிகல் கடைகளிலும் கிடைக்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல்சக்கரம் சுற்றும் மெக்கானிகல் டைமர் மலிவு. ஆனால் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும், ஒரு மணி நேரம் கரண்ட் போனால் அன்றிலிருந்து உங்கள் விளக்கு ஒரு மணி நேரம் தாமதமாக எரியும். என் விளக்கு ஒருமுறை நள்ளிரவு வரை எரிந்துகொண்டிருந்ததை வாரக் கடைசியில்தான் கவனித்தேன். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமரே நல்லது.

ஏற்கெனவே ஆறு மணி நேரம்தான் எரிகிறது என்றால் விளக்கை உயர்த்துங்கள். என் ஃப்ளட் லைட்டை இரண்டடி உயரத்துக்கு ஏற்றியபோதுதான் பச்சைப் புள்ளிகள் வருவது குறைந்தது. ஜன்னலையும் கவனியுங்கள்: கிழக்குப் பார்த்த ஜன்னலிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் தொட்டியின் பக்கக் கண்ணாடியில் வெயில் விழுந்தாலும் விளக்கைக் குறைத்த பலன் போய்விடும். தொட்டியை நகர்த்த முடியாவிட்டால் பின்புறமும் பக்கமும் கறுப்பு சார்ட் அட்டை ஒட்டிவிடுங்கள்.

குறைத்த பிறகு மூன்று வாரம் வேறு எதையும் மாற்றக் கூடாது. நான்காம் நாளே பொறுமையிழந்து உரத்தை நிறுத்துவதும், வாயுவைக் கூட்டுவதும், புது மருந்தைப் போடுவதுமாக இருந்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்பது ஒருபோதும் தெரியாது.

பச்சைத் தண்ணீருக்கும் சயனோபாக்டீரியாவுக்கும் மட்டும் முழு இருட்டடிப்புச் செய்யலாம். படர்ந்திருப்பதைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றி, கனமான போர்வையால் தொட்டியை நாலாபுறமும் மூடி, மூன்று நாள் திறக்காமல் வையுங்கள். அந்த நாள்களில் தீனி போட வேண்டாம், மீன் தாங்கும். ஆனால் ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுக்கிறது, சாகும் பாசியும் அழுகி ஆக்சிஜனைத் தின்கிறது. நான்காம் நாள் போர்வையை எடுத்தவுடன் மீண்டும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

4. தண்ணீரை மாற்றுங்கள், எந்தத் தண்ணீர் என்று தெரிந்து மாற்றுங்கள்

வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. பாசி முற்றிய நிலையில் பாதி. அமோனியாவை வெளியிடும் புது அக்வா சாய்ல் (செடித் தொட்டிக்கென்று விற்கும் சத்து மண்) போட்டிருந்தால் முதல் சில வாரம் இன்னும் அடிக்கடி. 'மாடிக்குத் தண்ணீர் சுமந்து வருவதே பெரிய பாடு, இதில் மீனுக்கு வாராவாரம் குளியலா' என்று அம்மா கேட்டது நியாயம்தான். எடுக்கும் பழைய தண்ணீரைத் துளசிக்கும் ரோஜாவுக்கும் ஊற்றத் தொடங்கி, அவை தழைப்பதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி நின்றது.

வடசென்னையில் ஒரே வீட்டுக்குள் மூன்று வகைத் தண்ணீர் இருக்கும்: மெட்ரோ வாட்டர், போர், கேன். கடலை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். பல செடிகள் அதில் சுணங்கும், செடி சுணங்கினால் பாசிக்குக் கொண்டாட்டம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி மூன்றையும் அளந்து நோட்டில் எழுதிவிடுங்கள். தொட்டிக்கு மெட்ரோ வாட்டர் நல்லது. ஆனால் அதில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தால் பெரும்பகுதி போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் 'ஹைப்போ' என்று கேட்டால் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் படிகம் இரண்டு மூன்றை 20 லிட்டர் வாளியில் கரைத்துவிடலாம். கீழே உள்ள சம்ப்பில் மெட்ரோவும் போரும் கலந்து மாடிக்கு ஏறுகிறதா என்பதையும் விசாரியுங்கள். எங்கள் கட்டடத்தில் கோடையில் அப்படித்தான் கலக்கிறார்கள்; ஏப்ரலில் செடிகள் ஏன் வாடின என்பது எனக்கு மீட்டர் வாங்கிய பிறகே புரிந்தது.

5. கையால் எடுக்க முடிந்ததை எடுத்துவிடுங்கள்

தண்ணீர் மாற்றும் அன்றே, தண்ணீரை எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். உதிர்வதெல்லாம் குழாயோடு வெளியேறிவிடும். நூல்பாசியைப் பழைய பல்துலக்கியில் நூடுல்ஸ் சுற்றுவதுபோலச் சுற்றி இழுத்தால் கொத்தாக வரும். கண்ணாடிப் புள்ளிகளுக்குச் சவரப் பிளேடு போதும். ஓரங்களில் சிலிகான் ஒட்டைக் கீறிவிடாதீர்கள், தொட்டி ஒழுகும். முழுக்கப் பாசி மூடிய இலை இனித் தேறாது. அதைக் காம்போடு வெட்டிவிடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள். குளோரின் பட்டால் அதில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியா செத்துப்போகும்.

6. செடிகளை அதிகமாக்குங்கள்

புதியவர்கள் அழகுக்காக மூன்று செடியை நட்டு, மீதியிடத்தை வெறும் மணலாக விடுகிறார்கள். தொடக்கத்தில் தரையின் முக்கால் பங்கையாவது வேகமாக வளரும் செடிகளால் நிரப்ப வேண்டும்: ஹைக்ரோஃபிலா, வாலிஸ்நேரியா, ஹார்ன்வோர்ட் மூன்றும் மலிவு, கொளத்தூர் மீன் கடைகளில் எளிதில் கிடைக்கும், நம் ஊர் வெப்பத்தையும் தாங்கும். மேலே கொஞ்சம் ஆகாயத்தாமரையை மிதக்கவிட்டால் அது வெளிச்சத்தையும் தடுக்கும், நைட்ரேட்டையும் உறிஞ்சும். வாரம் ஒருமுறை பாதியை அள்ளி எறியாவிட்டால் தொட்டியை மூடிவிடும்.

பாசி வந்தவுடன் செடி உரத்தை நிறுத்துவது எல்லோரும் செய்யும் தவறு. பட்டினி கிடக்கும் செடியின் இலை சிதைந்து கசிவதைத்தான் பாசி பற்றிக்கொள்கிறது. உரத்தைப் பாதி அளவில் தொடருங்கள். மீன் தீனியைத்தான் குறைக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் மீன் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு ஒருமுறை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அன்பு மிகுதியில் கொட்டிவிடுவார்கள். நன்றாக வளர்ந்த மீன் மூன்று நான்கு நாள் தீனியில்லாமலே இருக்கும்.

7. கரியமில வாயு: நிலையாகத் தர முடியாவிட்டால் தராதீர்கள்

சர்க்கரையும் ஈஸ்ட்டும் பாட்டிலில் போட்டுச் செய்யும் ஏற்பாடு நம் வெப்பத்தில் முதல் சில நாள் பொங்கிவிட்டுப் பிறகு சோர்ந்துவிடும். என் தொட்டியில் கருந்தாடிப் பாசி வந்தது அந்த பாட்டிலை மாற்ற மறந்த வாரங்களில்தான். வெளிச்சம் குறைவான தொட்டிக்கு வாயு கட்டாயமில்லை. சிலிண்டர் வைப்பவர்கள் விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாயு தொடங்கி, விளக்கு அணைவதோடு நிற்கும்படி அதே டைமரின் துணையோடு அமைத்துக்கொள்ளுங்கள்.

8. மருந்து: ஹைட்ரஜன் பெராக்சைடு, கருந்தாடிக்கும் பிடிவாதமான நூல்பாசிக்கும் மட்டும்

பாசிக்கொல்லி என்று விற்பவற்றில் தாமிரம் சேர்ந்தவை உண்டு. தாமிரம் இறாலையும் நத்தையையும் கொல்லும். நான் ஊற்றிய மறுநாள் காலை பன்னிரண்டு செர்ரி இறால்களும் சிவப்பு மங்கி, வெளுத்த இளஞ்சிவப்பாக மண்ணில் கிடந்தன. பாசி அப்படியே இருந்தது.

மருந்துகளில் இறுதியில் பலித்தது, மருந்துக்கடையில் 30 ரூபாய்க்குக் கிடைத்த ஹைட்ரஜன் பெராக்சைடுதான். இங்கே மிக முக்கியமான எச்சரிக்கை: படிக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை 3 சதவீதக் கரைசலுக்கு எழுதப்பட்டவை, நம் மருந்துக்கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம். லேபிளைப் படியுங்கள். 3 சதவீதத்தில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி. 6 சதவீதத்தில் அதில் பாதி. என் 40 லிட்டருக்கு 6 சதவீதத்தில் 5 மில்லி ஆகிறது, அதற்குமேல் ஒரு நாளில் போவதில்லை.

ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசைவற்று நின்ற பிறகு, ஊசி கழற்றிய 5 மில்லி சிரிஞ்சில் எடுத்து, நுனியைக் குஞ்சத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் மெதுவாக அழுத்துங்கள். சில நொடியில் பாசியைச் சுற்றி முத்து முத்தாகக் குமிழ் எழும். பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். ஒரே நாளில் எல்லா இடத்துக்கும் போக வேண்டாம். ஒரு பக்கம் இன்று, இன்னொரு பக்கம் இரண்டு நாள் கழித்து. இரண்டு மூன்று நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாக மாறினால் பாசி செத்துவிட்டது; அதன்பிறகு அதை இறாலும் மீனும் மேயும். ஜாவா மாஸ், வாலிஸ்நேரியா, ஹார்ன்வோர்ட் மூன்றும் இந்த மருந்தைத் தாங்காதவை என்பதால் அவற்றுக்கு அருகில் போகாதீர்கள். கல்லையும் மரக்கட்டையையும் வெளியே எடுத்துத் தடவிக் கழுவிப் போடுவது இன்னும் பத்திரம். கையுறை அணியுங்கள், விரல் நுனி வெளுத்து எரியும்.

மருத்துவமனைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் குளூட்டரால்டிஹைடு கரைசலையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அதன் ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும். குழந்தைகள் இருக்கும் ஓரறை வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் அன்று.

9. பாசி தின்னும் உயிர்களைக் கடைசியாக வாங்குங்கள்

'டேங்க் கிளீனர்' என்று இரண்டு அங்குல அளவில் விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். ஏராளமாகக் கழிக்கும். பாசி தின்பதில் பேர்போன சயாமிஸ் ஆல்கே ஈட்டரும் ஆறு அங்குலம் வரை வளர்வதால் இரண்டடித் தொட்டிக்குப் பொருந்தாது. போதாக்குறைக்கு, அதன் பெயரில் வேறு மீனையும் கொடுத்துவிடுவார்கள். அசல் மீனின் கறுப்புக் கோடு வால்துடுப்பின் நுனிவரை ஓடும். ஒட்டோசிங்கிளஸ் அருமையான மீன். நம் மே மாதத்தை அது விரும்பாது. சிறு தொட்டிக்கு என் தேர்வு பத்துச் செர்ரி இறாலும் இரண்டு நெரைட் நத்தையும். நெரைட் நன்னீரில் குஞ்சு பொரிக்காது என்பதால் பெருகாது. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக முட்டை மட்டும் இட்டுவைக்கும், அதைப் பாசி என்று நினைத்துப் பதறாதீர்கள்.

10. கோடைக்கும் மின்வெட்டுக்கும் முன்னேற்பாடு

மே மாதத்தில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும்போது அதில் கரையும் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் குறைகின்றன, செடி தளர்கிறது. தண்ணீர்ப் பரப்பின் மீது சிறு மின்விசிறியை வீசவிட்டால் இரண்டு டிகிரி குறையும். கடற்காற்றில் ஈரம் மிகுந்த மாலைகளில் அவ்வளவு குறையாது. ஆவியாகிப்போனதை ஈடுகட்ட ஆர்ஓ அல்லது கேன் தண்ணீரை ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்குகிறது; அதன்மேல் போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. திரும்பி வந்த இரவு ஃபில்டர் தானாக ஓடத் தொடங்கி, உள்ளே அழுகிப்போன கறுப்புத் தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளியது. இரண்டு மீன் போயின, அடுத்த வாரமே தண்ணீர் பச்சையானது. மின்சாரம் சில மணி நேரத்துக்கு மேல் போனால் ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பஞ்சை அலசிய பிறகே மீண்டும் போடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை அக்டோபருக்குள் வாங்கிவைப்பது நல்லது.

11. செலவும் காலமும்

நான் கொடுத்த விலைப்படி டைமர் 450, டிடிஎஸ் மீட்டர் 250, வேகமாக வளரும் செடிகள் 300, பெராக்சைடும் சிரிஞ்சும் 40, இறாலும் நத்தையும் 500. ஆக 1,540 ரூபாய். கடைக்குக் கடை விலை மாறும், செடி விலையைப் பேசிக் குறைக்கலாம்.

விளக்கைக் குறைத்த முதல் வாரம் எதுவும் மாறாது. இரண்டாம் வாரம் பாசி கூடியதுபோலவே தோன்றும். புகைப்படத்தைப் பாருங்கள், நோட்டை மூடிவையுங்கள். மூன்றாம் வார முடிவில், பழைய இலைகள் அழுக்காகவே இருந்தாலும், புதிதாக வரும் இலைகள் சுத்தமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வழி சரி. பழைய இலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். புது இலையிலும் பாசி ஏறினால் விளக்கை இன்னும் ஒரு மணி நேரம் குறைத்து, இன்னொரு மூன்று வாரம் பாருங்கள். கருந்தாடி முழுதும் போக எனக்கு இரண்டரை மாதம் ஆயிற்று. அதன்பிறகு மாதத்துக்கு அரை மணி நேரம் வீதம் விளக்கைக் கூட்டி, ஏழரை மணி நேரத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

வெட்டிய செடி, அள்ளிய ஆகாயத்தாமரை, வேண்டாத சக்கர் மீன், நத்தை எதையும் பக்கிங்காம் கால்வாயிலோ கொளத்தூர், புழல் ஏரிகளிலோ விடாதீர்கள். அங்கே போய்ப் பெருகிவிடும். செடிகளை மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். மீனை வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் காசில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.